பள்ளிச் சீரமைப்பும் தலைமையாசிரியரின் பட்டியலும்



பள்ளியை மேம்படுத்தும் தலைமை எப்படி இருக்க வேண்டும் என்பது இக்கருத்தரங்கின் பொருள். தமிழ்நாட்டுக்கு இது புதிய கேள்வியல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு ஒரு விடை கண்டார். 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடக்கத் தொடங்கின.

பள்ளியில் என்னென்ன இல்லை என்று முதலில் ஒரு பட்டியல் தயாராகும்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், நிலப்படம், இன்னும் ஒரு வகுப்பறை. ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டு ஊராரிடம் போவார்கள். ஒருவர் பெஞ்சுக்குப் பொறுப்பேற்பார், இன்னொருவர் கட்டடத்துக்கு இடம் கொடுப்பார். மாநாட்டு மேடையில் அது ஊரறிய அறிவிக்கப்படும். முதலமைச்சரே பல மாநாடுகளுக்கு நேரில் வந்தார். மதிய உணவும் இந்த வழியில்தான் பரவியது. ஒரு சாப்பாட்டுக்கு ஆன 10 காசில் அரசின் பங்கு 6 காசு; மீதி 4 காசு உள்ளூரின் பொறுப்பு.

தேவையைச் சொல்லும் உரிமையைப் பள்ளியிடமே விட்டதுதான் அந்த இயக்கத்தின் பலம். அதன் எல்லையும் தெரிந்ததே. வசதியுள்ள ஊர் தாராளமாகக் கொடுக்கும். கூலிவேலை செய்து பிழைக்கும் ஊர் எவ்வளவு கொடுக்க முடியும்?

பொருள் வந்து சேர்ந்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதற்குப் பதில் தேடியது. தலைமையின் ஐந்து பணிகள் மாணவர் கற்றலில் ஏற்படுத்தும் விளைவை அது அளந்தது. வளங்களைத் திட்டமிட்டுத் திரட்டுவதன் விளைவு 0.31. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தலைவரும் அதில் பங்கேற்பதன் விளைவு 0.84. ஐந்தில் மிகப் பெரியது இதுதான். தலைமையாசிரியர் அலுவலக அறையை விட்டுப் பாட ஆயத்தக் கூட்டத்தில் உட்கார்வதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இன்றைய சட்டத்தை இந்த அளவுகோலால் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். குழு தயாரிக்க வேண்டியது மூன்றாண்டுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டம். அதில் என்ன இருக்க வேண்டும்? வகுப்புவாரிச் சேர்க்கை, கூடுதல் ஆசிரியர், கட்டடமும் கருவிகளும், நிதி என்று 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வரிசைப்படுத்துகின்றன. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்ற கணக்குக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அந்தக் கணக்கைத் திட்டத்தில் சேர்ப்பது எப்படி, அதைப் பெற்றோர் முன் ஆசிரியர் மனம் கோணாமல் பேசுவது எப்படி, ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பாட ஆயத்தத்துக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? இம்மூன்றுக்கும் நடைமுறை சார்ந்த பரிந்துரைகள் அமர்வுகளிலிருந்து வர வேண்டும். முதல் அமர்வில் பேச இருப்பவர்கள் தலைமையாசிரியர்கள். ஆய்வாளர்களின் கட்டுரைகள் அதன் பின்னர் வரும்.