புளிப்பும் திராவகமும்

(சங்கரன்கோவிலில் குடியானவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் செய்யப்பட்ட உபந்நியாசத்தின் வாசகம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமிலம். இப்பெயரைக் கேட்டவுடன், கண்ணாடிப் புட்டியில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு பயங்கர வஸ்துவே பலருடைய மனத்தில் தோன்றும். நம் முன்னோர் திராவகம் என்று வழங்கியது அதைத்தான். ஆனால் வடமொழியில் அச்சொல்லுக்குப் புளிப்பு என்பதே பொருள். மேல்நாட்டாரும் லத்தீன் மொழியில் புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே தங்கள் பெயரை அமைத்துக்கொண்டனர். ஆகவே இன்று காலையில் நீங்கள் உண்ட இட்லியில் இருந்ததும் அமிலம்; பகலில் குழம்பில் இருந்ததும் அமிலம்; மோரில் இருந்ததும் அதுவே.

மோரிலுள்ளது லாக்டிக் அமிலம். புளியம்பழத்தில் மிகுதியாக இருப்பது டார்டாரிக் அமிலம். கனிந்த பழத்தின் சதையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு முதல் பதினெட்டுப் பங்கு வரை அது உண்டு. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். நமக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்கே பேர்பெற்ற ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எலுமிச்சைச் சாற்றிலிருந்து அவ்வமிலத்தை 1784-ஆம் வருஷத்தில் முதன்முதல் உப்புப்போல் பிரித்தெடுத்தவர் ஷீலே என்னும் ஸ்வீடன் தேசத்து மருந்துக்கடைக்காரர். மோரின் அமிலத்தையும் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு கண்டவர் அவரே.

ஒரு வஸ்து அமிலமா அன்றா என்று அறிய நாவில் வைத்துப் பார்ப்பது பழைய வழி. அது ஆபத்தான வழியுமாகும். நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இதைவிட நல்ல பரீக்ஷை ஒன்று தெரியும். ஆரத்தி எடுக்க மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது இரத்தச் சிவப்பாகிறதல்லவா? அச்சிவந்த நீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், மறுபடியும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு அமிலத்துக்கு நேர்ப்பகையான காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வேறு உப்பாக மாறும். இரசாயனப் புஸ்தகத்தில் பல பக்கங்களில் விரித்துரைப்பது ஆரத்தித் தட்டிலேயே அடங்கியிருக்கிறது.

அமிலங்கள் எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் என்னும் மூலகம் உண்டு. தண்ணீரில் கரையும்போது அது பிரிந்து வெளிப்படுகிறது. எளிதில் முழுவதும் பிரியுமானால் அமிலம் கடுமையானது. கொஞ்சமே பிரியுமானால் மெல்லியது. இதை அளக்க டென்மார்க் தேசத்துச் சோரன்ஸன் 1909-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். பி.எச். என்பது அதன் பெயர். சுத்த ஜலம் 7. அதற்குக் கீழ் இறங்க இறங்க அமிலம்; மேல் ஏற ஏறக் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறக்கலாகாது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியிருக்கும். நம் கரிசல் மண் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். மண் பரிசோதனைச் சீட்டில் முதலில் காணும் எண் இதுவே. அநேகர் அதைப் பாராமலே சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

கரிசலில் சுக்கான் கல் கிடைக்காத காடு அரிது. ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக் கொப்புளிக்கும். கல்லிலுள்ள சுண்ணாம்பை அமிலம் தின்ன, கரியமில வாயு வெளியேறுவதே அந்நுரை. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச் சத்து இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது. வேருக்கு எட்டாதபடி அது இறுகிவிடுகிறது. நிலக்கடலையின் இளந்தளிர் நரம்பு மாத்திரம் பச்சையாகவும் இடையெல்லாம் மஞ்சளாகவும் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை மரத்துக்கும் இந்நோய் வரும். தழைச்சத்துக் குறைவென்று எண்ணி யூரியாவை மேலும் மேலும் இடுவது வீண் செலவு.

‘மண்ணில் காரம் அதிகமென்றால் திராவகத்தை ஊற்றிச் சரிசெய்யலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்து ஏர்மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்புக்கல் என்று வைத்துக்கொண்டால் 45 டன். அதை முற்றும் தீர்க்க ஏறக்குறைய அதே எடையுள்ள கந்தகத் திராவகம் வேண்டும். நிலத்தை விற்றாலும் அவ்வளவு திராவகம் வாங்க முடியாது. வாங்கினாலும் அதற்குப்பின் நிலம் நிலமாக இராது.

ஆகையால் மண் முழுவதையும் மாற்ற முயலாமல் இலைக்கு நேரே இரும்பைக் கொடுப்பதே வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த வேளையில் இலை நனையத் தெளிக்கவேண்டும். வெறும் அன்னபேதி நீர் சிறிது நேரத்தில் துருவேறிப் பழுப்பாகிவிடும்; அப்புறம் அதனால் பிரயோஜனமில்லை. சிறிதளவு அமிலம் அதைத் தடுக்கிறது. சிட்ரிக் அமிலம் கிடையாதபோது எலுமிச்சைச் சாற்றையே சேர்ப்பவர்களும் உண்டு.

மனிதன் கணக்குப் போட்டு அறிந்த இவ்வழியைக் கொண்டைக்கடலைச் செடி தானாகவே கடைப்பிடிக்கிறது. மார்கழி, தை மாதத்துப் பனியில் கடலைக் காட்டில் புகுந்து இலையைத் தொட்டு விரலை நாவில் வைத்தால் சுரீரென்று புளிக்கும். இலையிலும் தண்டிலுமுள்ள நுண்ணிய மயிர்கள் மாலிக் அமிலத்தையும் ஆக்ஸாலிக் அமிலத்தையும் கசியவிடுகின்றன. இரவில் செடிகளின்மேல் மெல்லிய துணியை விரித்து, விடியற்காலையில் பனியோடு பிழிந்தெடுத்ததுதான் சித்த வைத்தியர்கள் கையாளும் கடலைப் புளிப்பு. காய்ப்புழுவின் வளர்ச்சியை இவ்வமிலம் ஓரளவு தடுக்கிறதென்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வேரும் சும்மா இருப்பதில்லை. அதுவும் சிட்ரிக் முதலிய அமிலங்களைக் கசியவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள மயிரிழை மண்ணில் மாத்திரம் பூட்டுண்ட மணிச்சத்தை விடுவித்துக்கொள்கிறது. 45 டன் திராவகம் செய்யவேண்டியதை ஒரு சிறு வேர் தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் செய்துகொள்ளுகிறது.

மணிச்சத்தைப் பற்றிப் பேசும்போது சூப்பர் பாஸ்பேட் உரத்தையும் சொல்லவேண்டும். எலும்பையும் பாஸ்பேட் கல்லையும் அப்படியே பொடித்து இட்டால் கரிசலில் எளிதில் கரையாது. அவற்றைக் கந்தகத் திராவகத்தோடு சேர்த்துக் கரையும் உரமாக்கும் முறைக்கு இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842-இல் உரிமை பெற்றார். நம் மாகாணத்தில் பாரி கம்பெனியார் ராணிப்பேட்டையில் 1906-இல் இதற்கென்று தொழிற்சாலை அமைத்தனர்; இந்தியாவில் அதுவே முதலாவது. இவ்வுரத்தைக் கரிசலில் வீசி இறைத்தால் சுண்ணாம்பு அதை மறுபடியும் பூட்டிவிடும். மானாவாரிக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 750 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஒரு மாதம் மூடிவைத்துப் பிறகு விதைப்புச் சாலில் இடுவது நலம்.

மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஓர் அமிலம் சோளத்தில் ஒளிந்திருக்கிறது. மழை பொய்த்து வாடிக் குறுகிய இளஞ்சோளத்தையோ, அறுவடைக்குப்பின் ஒரு தூறலில் துளிர்த்த மறுதாம்பையோ மேய்ந்த மாடு, மூச்சு வாங்கித் துடித்துச் சில நிமிஷங்களில் விழுந்துவிடுவதுண்டு. கண்பட்டது, பாம்பு தீண்டியது என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது ஹைட்ரோசயனிக் அமிலம். இலையை மென்றவுடன் அது உண்டாகிறது. பூத்தபின் வெட்டி நன்கு காயவைத்த தட்டையில் ஆபத்துக் குறைவு. மாடு தள்ளாடுவதைக் கண்டவுடன் கால்நடை வைத்தியரை அழைத்தால் காப்பாற்ற மருந்து ஊசி உண்டு. ஆனால் நேரம் மிகக் குறுகியது.

இந்நஞ்சைப் பெரிதும் குறைக்க மற்றொரு அமிலமே உதவுகிறது. பூத்துப் பால் பிடிக்கும் பருவத்தில் சோளத்தை வெட்டி நறுக்கிக் குழியில் போட்டு, காற்றுப் புகாமல் மிதித்து இறுக்கி மூடிவிட்டால், இட்லி மாவு புளிப்பதுபோலவே அதுவும் புளிக்கும். லாக்டிக் அமிலம் சேர்ந்தபின் வேறு கிருமிகள் தலைகாட்டா. ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தால், கோடையிலும் பசுந்தீவனம்.

அடுக்களைக்கு வருவோம். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் அமிலம் செம்பைக் கரைத்துக்கொள்ளும். களிம்பு என்பது இதுதான். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். பூசவேண்டியது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் செம்பும் வெள்ளீயத்தால் ஆனதாகவே இருக்கவேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைச் சிறுகச் சிறுகக் கரைத்துக் குழந்தைகளின் மூளையையும் இரத்தத்தையும் கெடுக்கும். ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மலிவு விலைக்கு வாங்குவதில் மிச்சப்படும் பணம் மிச்சமன்று.

இனிக் கடுந்திராவகங்கள். தட்டார் வெடியுப்புத் திராவகத்தால் பொன்னைச் சோதிப்பது பழைய வழக்கம், அவர்கள் தொழிலறிந்தவர்கள். இப்பொழுதோ கக்கூஸ் கழுவ உப்புத் திராவகமும், டிராக்டர் பாட்டரிக்குக் கந்தகத் திராவகமும் எல்லா வீடுகளிலும் புகுந்துவிட்டன. இதே உப்புத் திராவகத்தின் மெல்லிய வடிவந்தான் நம் இரைப்பையில் சோற்றைச் செரிக்கவைக்கிறது என்று 1824-இல் பிரௌட் என்னும் வைத்தியர் கண்டார். ஆயினும் புட்டியிலுள்ளது இரைப்பைக்கு உறவல்ல. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி அடுப்பங்கரை மூலையில் வைப்பது, குழந்தையின் கையில் கத்தி கொடுப்பதைவிடக் கொடிது. வாங்கிய புட்டியிலேயே, சீட்டுடன், பூட்டி வையுங்கள்.

கிணற்றுக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடர் மிச்சமிருக்கிறதென்று அதைக் கக்கூஸில் தூவி மேலே திராவகம் ஊற்றுபவர்கள் உண்டு. அதிலிருந்து எழும்புவது குளோரின் வாயு. 1915-இல் ஐரோப்பிய யுத்தத்தில் சிப்பாய்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு அதுவே. பாட்டரித் திராவகத்தில் நீர் கலக்க நேர்ந்தால், திராவகத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக விடவேண்டும். தண்ணீரைத் திராவகத்தில் விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மேலே பட்டுவிட்டால் செய்யவேண்டியது ஒன்றே: தண்ணீர். துணியைக் களைந்து, குறைந்தது இருபது நிமிஷம் ஓடுகிற நீரில் கழுவவேண்டும். அமிலத்துக்குக் காரம் பகை என்று சற்றுமுன் சொன்னேனே, அந்த நியாயத்தைக்கொண்டு சுண்ணாம்போ சோடாவோ அப்பக்கூடாது; இரண்டும் சேரும்போது உண்டாகும் சூடு புண்ணைப் பெரிதாக்கும். அவ்வாறே, வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் எலுமிச்சை பிழியலாகாது. இமையை விரித்துப் பிடித்து நீரை ஊற்றிக்கொண்டே 108 வண்டியை அழையுங்கள். திராவகத்தை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். போன வழியையே அது இரண்டாம் முறையும் எரிக்கும்.

திராவகத்தை ஒரு பெண்ணின் முகத்தில் வீசும் பாதகமும் நம் நாட்டில் நடந்து வருகிறது. 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் இதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தனர். வாங்குபவர் படமுள்ள அடையாளச் சீட்டைக் காட்டிக் காரணமும் கூறவேண்டும். விற்பவர் பதிவேட்டில் எழுதவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கவே கூடாது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள நியாய சம்ஹிதையின் 124-ஆம் பிரிவின்படி இக்குற்றத்துக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத, ஆயுள் வரையிலான தண்டனை உண்டு. கடை வைத்திருப்பவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். கேட்டவர்க்கெல்லாம் பெயர் எழுதாமல் எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் இன்றே விடவேண்டும்.

சுக்கான் கல்லும், எலுமிச்சையும், மஞ்சள் நீரும், அன்னபேதிக் கரைசலும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். கிட்ட வந்து பாருங்கள். மஞ்சள் பூத்த இலைகளைப் பறித்துக்கொண்டு வந்தவர்கள், எந்தக் காட்டிலிருந்து என்று சொல்லி என்னிடம் காட்டுங்கள்.