வட்டத்தில் சேரும் கைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே சற்று விலகி வழிவிடுகிறது. அக்கணவாய் வழியே காற்றோடு உழவரும் வணிகரும் நெசவாளரும் வந்து போயினர். 1956 ஆம் ஆண்டில் கேரள மாநிலம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் அடங்கிற்று. எனினும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பல இல்லங்களில் இன்றும் தமிழே வீட்டுமொழி. தெற்கே இடுக்கியின் தேவிகுளம், பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர்.

இந்த எல்லைநாட்டில் மொழியோடு சேர்ந்து வாழ்ந்து வருவது, வட்டமாக நின்று ஆடும் வழக்கம். நம் கும்மியும், கேரளப் பெண்கள் குத்துவிளக்கைச் சுற்றி ஆடும் கைகொட்டிக்களியும் உடன்பிறந்தவை எனலாம். அட்டப்பாடி இருளர் பறையும் குழலும் முழங்க, ஆணும் பெண்ணுமாக வட்டமிட்டு ஆடுவர். இவற்றில் ஆடுவோர் பார்வையாளரை நோக்கி நிற்பதில்லை. ஒருவர்க்கொருவர் முகம் கொடுத்தே நிற்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் சென்றிருந்தபோது, கொழிஞ்சாம்பாறையருகே ஒரு கும்மி வட்டத்தில் நாமும் நின்றோம். நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளை மொழிபெயர்த்துப் பழகிய உடல், குனிந்து தட்டுவதற்குள் பாட்டு ஓரடி முன்னே போய்விட்டது. பாதத்தையே பார்த்துத் தடுமாறிய நம்மிடம், அருகில் நின்ற மூதாட்டி, "காலைப் பாக்காதே அம்மிணி, தட்டைக் கேளு" என்றார். கேட்டோம். சிறிது நேரத்தில் கால் தானாக வழி கண்டது. எந்தப் பாதத்தில் எடை இருக்கிறது, எங்கே மூச்சு முடிகிறது, தோள் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

கும்மியின் நுட்பம் இதுவே. ஒருவர் அடி எடுத்துப் பாட, மற்றவர் திருப்பிப் பாடுகையில் அனைவர் மூச்சும் ஒருங்கிணைகிறது. தட்டு தவறாதவரை, பாட்டெடுப்பவர் நேற்றைய மழையையும் இன்றைய மணப்பெண்ணையும் புதிதாகச் சேர்த்துக் கட்டலாம். கட்டுப்பாடும் கற்பனையும் அங்கே ஒன்றுக்கொன்று துணை. ஐரோப்பாவில் ருடால்ஃப் லாபன் என்பார் 1920-களில் ஆட்டம் பயிலாத பொதுமக்களைக் கூட்டிக் குழுவாக இயங்கச் செய்தார். நம் முற்றங்களில் அதற்கு ஆசிரியர் தேவைப்படவில்லை, பாட்டிமாரே போதுமாயிருந்தனர்.

ஆனால் இன்று வெளியூர்த் தமிழ்ச் சங்க விழாக்களில் நடப்பதென்ன? வட்டம் அவிழ்ந்து மேடையில் வரிசையாகிறது. பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. சிறுமியர் பரிசுக்காக ஆடுகின்றனர்; பாட்டறிந்த மூதாட்டியோ கீழே நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். அவரோடு அவர் பாட்டும் அடியும் மறைந்தால், பின்னர் எந்த ஏட்டிலிருந்து அவற்றை மீட்போம்? சொல்லை மொழிபெயர்க்கலாம், குனிந்து நிமிரும் கணத்தை உடலிலிருந்து உடலுக்குத்தான் கொடுக்க இயலும்.

ஆகவே நேயர்களே, அடுத்த பொங்கலன்று அரைமணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். குடியிருப்பின் முற்றமோ மொட்டைமாடியோ போதும். வயதில் மூத்தவரைப் பாட்டெடுக்கச் சொல்லி, வட்டமாக நில்லுங்கள். தொடக்கத்தில் கால் தவறும். பக்கத்துத் தட்டைக் கேளுங்கள்.