எத்தனை மணிக்கு முடியும்?

தொண்டர் கிடைப்பதில்லை என்று சங்கங்கள் புலம்புகின்றன. கிடைக்கிறார்கள், தங்குவதில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் வேலை என்னவென்று நாம் சொல்வதில்லை. கிள்ளான் பக்கத்துக் கேரி தீவில் ஒரு கோயில் திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் வந்து உதவுங்கள்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "தம்பி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெங்காயம் உரிக்க வா, பத்துக்குக் கிளம்பிவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வருவான். சொன்னபடி பத்துக்கு விட்டால் அடுத்த ஆண்டும் வருவான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரம் ஏது என்பீர்கள். டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி நிலையத்தைப் பாருங்கள். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கும் தேர்வு இருந்தது. அங்கே படித்துத் தேறியவர்களும் திரும்பி வந்து கற்பித்தார்கள். பயன்பெற்றவருக்கு மனம் இருக்கும்; நாம்தான் கேட்க வேண்டும். இன்னொரு தயக்கம் காசு பற்றியது. காசு கொடுத்தால் தொண்டு கெட்டுவிடும் என்பார் சிலர். சம்பளம் வேறு, பெட்ரோல் காசு வேறு. தீவிலிருந்து கிள்ளானுக்கு வந்துபோகிறவர் கைக்காசையும் இழக்க வேண்டுமா?

இந்த வாரம் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும், இரண்டையும் சொல்லிவிடுங்கள்.