உடலின் மேல் விரியும் படம்

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியப் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை நேயர்களிற் பலர் அறிவர். மாணாக்கரின் துணைகொண்டு அவர் தமிழாக்கிய நூல்களுள் இரண்டை இங்கே நினைத்துக்கொள்வது நலம். ஒன்று, 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’. மற்றது, 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’. முன்னது அறுக்கும் முறையைச் சொல்லும். பின்னது அறுக்குமிடத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லும். இரண்டாவதை அறியாதவன் முதலாவதைக் கற்றும் பயனில்லை.

அங்காதிபாதத்தின் ஆங்கில மூலம், ஹென்றி கிரே 1858இல் இலண்டனில் வெளியிட்டது. அக்காலத்து நூல்கள் பல, படத்திலே எண்ணையோ எழுத்தையோ இட்டு, உறுப்பின் பெயரை வேறோரிடத்தில் தேடவிடும். கிரேயின் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரோ, பெயரை அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதினார். கண் அலையவேண்டியதில்லை. படிப்பவனுக்கு அது எத்துணை ஆறுதல்!

எனினும் நூலிலுள்ளது எவர்க்கும் பொதுவான உடலின் படம். மேசைமேற் கிடப்பவரோ ஒருவர். அவருடைய கட்டி எங்கே, அதனருகே ஓடும் இரத்தக் குழாய் எவ்வழி வளைகிறது என்பதை நூல் சொல்லாது. 1895இல் ரொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் அந்த ஒருவரின் எலும்பைக் காட்டிற்று. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.ரி. பொறி ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. ஆயினும் படம் சுவரிலே, உடல் மேசையிலே. இரண்டையும் மனத்திலே பொருத்துவது வைத்தியரின் பொறுப்பாகவே நின்றது.

அந்த இடைவெளியை நீக்கவே ‘கலப்பு மெய்ம்மை’ என்னும் முறை இப்பொழுது முயல்கிறது. வைத்தியர் ஒரு கண்ணாடியை அணிகிறார். அதனூடே நோயாளி தெரிகிறார். அவர்மேலேயே, அவருடைய சி.ரி. படங்களை அடுக்கிக் கணினி ஆக்கிய எலும்புருவமும் தெரிகிறது. பலாப்பழத்தை வெட்டாமலே, சுளை இருக்குமிடத்தைத் தோலின்மேற் கண்டாற்போல! 2017 டிசம்பரில், பாரிஸ் நகரையடுத்த பொபினியிலே, தோமா கிரெகொரி என்னும் நிபுணர் ஹோலோலென்ஸ் என்ற கண்ணாடியை அணிந்து தோள்மூட்டுச் சத்திரசிகிச்சையொன்றைச் செய்தார். 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வேறொரு கண்ணாடியின் துணையோடு, நோயாளி ஒருவரின் முள்ளந்தண்டிலே ஆறு திருகாணிகள் பொருத்தப்பட்டன.

முதலில் எலும்பைத் தேர்ந்தது ஏன்? எலும்பு உருமாறாது. அதிலே ஒரு குறியைப் பொருத்திவிட்டால், கண்ணாடியிலுள்ள கமெரா அக்குறியைப் பின்பற்றிப் படத்தை உரிய இடத்திலே நிறுத்தும். ஈரலோ மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது. வயிற்றைத் திறந்ததும் உருமாறுவது. நேற்றெடுத்த படம் இன்றைய ஈரலின்மேற் சரியாகப் படியாது. முள்ளந்தண்டிலுங்கூட ஓரிரு மில்லிமீற்றர் விலகினால் நரம்புக்கு ஊறு நேரலாம். படம் தெளிவாக ஒளிருந்தோறும் அதனை முற்றாக நம்பிவிடும் மயக்கமும் வளரும். இம்முறையின் பெரிய அபாயம் இதுவே எனலாம்.

கண்ணுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஹோலோலென்ஸ் படத்தை ஏறக்குறைய இரண்டு மீற்றர் தூரத்திலே குவியச் செய்வது. வைத்தியரின் கையோ அதனினும் மிக அண்மையில் இருக்கிறது. கையை நோக்கினாற் படம் மங்கும். படத்தை நோக்கினாற் கை மங்கும். அக்கருவியின் உற்பத்தியை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2024இல் நிறுத்திவிட்டது. சத்திரசிகிச்சைக்கென்றே அமைந்த வேறு கண்ணாடிகள் பயன்பட்டு வருகின்றன.

எதை அணிந்தாலும், தேர்ந்த வைத்தியர் கத்தியை எடுக்குமுன் ஒரு சோதனை செய்வார். தாம் நன்கறிந்த எலும்பு முனையொன்றைக் கருவியின் நுனியாலே தொட்டு, படத்திலும் நுனி அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிடின் மீண்டும் பொருத்துவார். அப்பொழுதும் பொருந்தாவிடின், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மானிப்பாயிலே கிறீனின் மாணாக்கர் கற்ற அங்காதிபாதத்தைக் கொண்டே மேலே செல்வார்.