வீடுவரை தொடரும் ஏளனம்

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தை நினைவுகூர்கிறார். உடன் பயில்வோர் தம் சாதியையும் இருப்பிடத்தையும் அறிந்துகொள்வார்களோ என்று அஞ்சி, வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். அவருக்கு ஓடி ஒளிய ஒரு வீடு இருந்தது. ஏளனம் அதன் வாசலோடு நின்றது.

இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இல்லை. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கடன் பட்டுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். அது வேண்டியதுதான், நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் இரவு ஷிப்டுக்குப் போகும் தாயைக் கம்பெனிப் பேருந்து ஏற்றிச் சென்ற பின், பிள்ளையும் கைப்பேசியுமே வீட்டில் மிஞ்சுகின்றன. பகலில் வகுப்பில் சொல்லக் கூசிய சொல், இரவில் படுக்கைக்கே வந்துவிடுகிறது.

என் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தை மாணவர் சிலர் வெட்டி ஒட்டி, அவள் தெருவின் பெயரால் இழிமொழி எழுதி, வாட்ஸ்அப் குழுவில் பரப்பினர். அவள் துணிந்து என்னிடம் சொன்னாள். நான் தந்தையை அழைத்து, "கைப்பேசியை வாங்கி வையுங்கள்" என்றேன். அவர் கைப்பேசியை உடைத்தார். பெண்ணையும் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார். குற்றம் செய்தவர்கள் வகுப்பில் இருந்தார்கள்; சொன்னவள் வீட்டில் இருந்தாள். நானோ கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியான அவள் தாய், இரவு வேலை முடிந்த சீருடையோடு நேரே என்னிடம் வந்தார். "சொன்னதுக்கா சார் தண்டனை?" என்று கேட்டார். எனக்கு விடை இல்லை.

2016 சூன் திங்களில், சேலம் மாவட்டத்துப் பட்டதாரிப் பெண் ஒருவர், உருமாற்றிய தம் படம் முகநூலில் வெளியானதால் உயிரை மாய்த்துக்கொண்டதை நாடறியும். காவல் துறையின் தாமதத்திற்காக மாவட்டக் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அப்பெண் எழுதி வைத்த கடிதத்தில், பெற்றோரே தம்மை நம்பவில்லை என்ற வேதனையும் இருந்தது.

ஆண்பிள்ளைகள் அழுவதில்லை, ஆகவே அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவமானப்பட்ட பையன், தன்னைக் கேலி செய்யாத கூட்டத்தைத் தேடிப் போகிறான். அங்கே உதட்டில் அடக்கும் 'கூல் லிப்' கிடைக்கிறது. பிறகு கஞ்சா, வலிமாத்திரை. சிறுவருக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். டாஸ்மாக்கிலிருந்து தள்ளாடி வரும் தந்தை இதை மகனுக்கு எடுத்துரைத்தால் அவன் கேட்பானா என்பதை, வந்திருக்கும் தந்தையர் எண்ணிப் பார்க்கட்டும்.

"சொன்னால் வெட்டுவார்களே" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், சாதித் துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்ட மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் காயமுற்றாள். அவன் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். ஆயினும் பிள்ளையைத் தனியே முறையிட விடக்கூடாது என்பதே நான் கண்டது. பெற்றோர் உடன் வர வேண்டும். கழகத்தார் இருவரும் வர வேண்டும். படத்தையும் செய்தியையும் அழிக்காதீர்கள், அவையே சான்று. 1098 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். தாய் வந்த மறுநாளே நான் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். இப்போது இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் தாய் அவளருகே சற்று உட்காருகிறாராம். அன்று வந்ததை மகளே திறந்து காட்டுகிறாளாம். பதினைந்து நிமிடந்தான், பேருந்து காத்திராது அல்லவா?