முன்னூறு வெள்ளி

போன எபிசோட்ல என் சம்பளத்தைச் சொன்னதும் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணே, மாசம் 5,700 வெள்ளின்னா நம்ம காசுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல. அப்புறம் என்ன புலம்பல்?"

நியாயமான கேள்விதான். நானும் சிங்கப்பூர் வந்த புதுசுல எதைப் பார்த்தாலும் அறுபத்தஞ்சால பெருக்கிட்டே இருந்தேன். கோப்பி கடையில ஒரு கோப்பி குடிச்சா, திருச்சியில ஒரு சாப்பாட்டுக் காசு போச்சேன்னு தோணும். ஆறு மாசத்துல அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. விடலைன்னா பைத்தியம் பிடிச்சிரும்.

நான் இருக்கிறது யீஷூன்ல, ஒரு வீவக வீட்டோட ஒரே ஒரு அறையில. வாடகை 1,100. வீட்டுக்கார ஆன்ட்டி நல்லவங்க, ஆனா சட்டம் சட்டம்தான். ஏசி ராத்திரி ஒன்பதுக்கு மேலதான். சமையல்? "மீ ஓகே, எக் ஓகே, கறி கேனாட்." அதாவது நூடுல்ஸ் வேகவைக்கலாம், கடுகு தாளிக்கக் கூடாது. ரசம் வைக்கணும்னு ஆசை வந்தா தேக்கா மார்க்கெட் பக்கம் போய் யார் கையிலயோ வாங்கிக் குடிக்கிறேன். காலையில 7.45-க்கு முன்னாடி ரயில்ல கார்டைத் தட்டினா 50 காசு வரைக்கும் தள்ளுபடி. அதுக்காக அலாரம் வைக்கிற ஆளு நான். சிரிக்காதீங்க.

இதெல்லாம் பழகிடும். பழகாதது ஒண்ணு இருக்கு.

மனைவி திருச்சியில, ஒரு வங்கியில வேலை பார்க்கிறாங்க. அவங்களைக் கூட்டிட்டு வர டிபெண்டன்ட் பாஸ் வேணும். அதுக்கு என்னோட நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்கணும். போனஸ், ஓவர்டைம் எதுவும் கணக்குல சேராது. எனக்குக் குறையுறது முன்னூறு வெள்ளி. ரெண்டு வருஷமா அந்த முன்னூறுதான் எனக்கும் அவளுக்கும் நடுவுல நிக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன். மேனேஜர்கிட்ட கேட்டேன். ஜனவரியில பார்க்கலாம்னார்.

அன்னைக்கு ராத்திரி போன்ல சந்தோஷமா சொன்னேன். இங்க மணி பதினொன்றரை, அங்க ஒன்பது. அவ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த பாஸ்ல வந்தா நான் வேலை பார்க்க முடியுமா?"ன்னு கேட்டா.

முடியாது. 2021 மே மாசத்துக்கு அப்புறம், டிபெண்டன்ட் பாஸ்ல வர்றவங்க வேலை பார்க்கணும்னா தனியா ஒரு வொர்க் பாஸ் எடுக்கணும். அதுக்கு ஒரு கம்பெனி அவங்களை எடுக்கணும், அதுக்கும் சம்பள வரம்பு இருக்கு. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் அவகிட்ட சொல்லலை. சம்பளம் ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்துட்டேன்.

"எட்டு வருஷ வேலை. அதை விடணுமான்னு முதல்ல என்கிட்டதானே கேட்டிருக்கணும்? மேனேஜர்கிட்ட ஏன் போனீங்க?"

பதில் இல்லை என்கிட்ட. "சிக்னல் சரியில்லை"ன்னு சொல்லி வச்சுட்டேன். சிங்கப்பூர்ல சிக்னல் சரியில்லையாம்!

இந்தச் சனிக்கிழமை திருச்சிக்கு டிக்கெட் போட்டிருக்கேன், நாலு நாள் லீவு. முஸ்தபாவுல மைலோவும் கோடாலித் தைலமும் வாங்கியாச்சு. அவகிட்ட எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணலை.