சுடுகாட்டையும் தாண்டி வரும் சுபாவம்



கருத்தரங்குக்குத் தலைமை தாங்குபவர் எல்லாக் கட்டுரைகளையும் பொதுவாகப் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதை உங்கள் முன் வைத்துவிட்டு உட்காருகிறேன்.

1997 முதல் 2003 வரை ஏழு சீசன் ஓடிய அமெரிக்கத் தொடர் ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’. ரத்தக்காட்டேரி என்பது யார் என்று அது தொடக்கத்திலேயே ஒரு விதி வகுத்துவிடுகிறது: மனிதன் செத்தான், ஆன்மா போனது, காலியான உடம்பில் ஒரு தீய சக்தி குடியேறி, செத்தவனின் நினைவுகளோடு நடமாடுகிறது. பள்ளி நூலகர் ஜைல்ஸ் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி இதை நம்பியே ஆக வேண்டும். நேற்றுவரை உடன் படித்தவனின் நெஞ்சில் மரமுளையை இறக்கிவிட்டு, மறுநாள் காலை வகுப்புக்குப் போக வேண்டிய பெண் அவள்.

இந்த விதியைத் தொடரே நம்பவில்லை என்பது என் வாதம்.

மூன்றாம் சீசனில், வேறோர் உலகிலிருந்து வந்த தன் ரத்தக்காட்டேரி வடிவத்தை பஃபியின் தோழி வில்லோ நேரில் பார்க்கிறாள். கூச்சமே உருவான வில்லோவுக்கு எதிரில் கூச்சமே அறியாத ஒருத்தி. பெண்கள்மேல் அவளுக்கிருக்கும் ஈர்ப்பும் வெளிப்படை. வில்லோ கலங்குகிறாள். அதற்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை என்று பஃபி தேற்றுகிறாள். பக்கத்தில் நிற்கும் ஏஞ்சலும் ஒரு ரத்தக்காட்டேரிதான்; அவன் ஏதோ திருத்தம் சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொள்கிறான். சிரிப்புக்காக வைத்த இடம்தான். ஆனால் அடுத்த சீசனில் வில்லோ டாரா என்ற பெண்ணைக் காதலிக்கிறாள்.

ஏஞ்சலுக்கு உண்மை தெரியாமல் இருக்குமா? 1753இல் அயர்லாந்தின் கால்வேயில் அவன் லியாம். குடித்துவிட்டுத் திரிந்து தந்தையிடம் ஓயாமல் ஏச்சு வாங்கிய பிள்ளை. கல்லறையிலிருந்து எழுந்தவன் வீடு தேடிப் போய்த் தந்தையைக் கொன்றுவிட்டு, ஜெயித்துவிட்டதாக மார்தட்டுகிறான். அவனை மாற்றிய டார்லா அதை ஏற்பதில்லை. உன் வெற்றி ஒரு கணத்தோடு முடிந்தது, அவரிடம் நீ தோற்றது காலமெல்லாம் நீளும் என்கிறாள். வெறும் தீய சக்திக்குத் தந்தை எதற்கு, தோல்வி எதற்கு? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தக் கதையுலகில் அது சுடுகாட்டையும் தாண்டி வருகிறது.

இன்னொரு ரத்தக்காட்டேரியான ஸ்பைக்கிடம் வழக்கு இன்னும் வலுக்கிறது. 1880இல் லண்டனில் அவன் வில்லியம். அம்மா பிள்ளை, மோசமான கவிஞன். தான் காதலித்த சிசிலி, நீ எனக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிய இரவில்தான் ட்ருசில்லா என்ற ரத்தக்காட்டேரியிடம் சிக்குகிறான். பிறகு தோல் கோட்டு, வெளுத்த முடி, தெருச் சண்டைக்காரனின் பேச்சு. மேட்டுக்குடி உச்சரிப்பைக்கூட மாற்றிக்கொண்டான். ஆனால் 2000இல் ஒளிபரப்பான ஓர் எபிசோடில் அதே சொல்லைப் பஃபி சொன்னதும், 120 ஆண்டு வேஷம் கலைந்து அழுகிறான். துப்பாக்கியோடு அவளைக் கொல்லப் போகிறவன், அவள் அழுதுகொண்டிருப்பதைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுக்கிறான். ஆறாம் சீசன் முடிவில் தன் ஆன்மாவைத் தேடித் தானே போகிறான். ஆன்மா இல்லாதது ஆன்மாவை விரும்பியது எப்படி? ஜைல்ஸின் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலாக நிற்பவள் ஸ்பைக்கின் தாய். காசநோயில் வாடிய அவளைக் காப்பாற்றவென்று அவன் ரத்தக்காட்டேரியாக்க, எழுந்தவள் மகனை அருவருப்பாகப் பேசுகிறாள். அவன் அவளைக் கொல்ல நேர்கிறது. அம்மா என்னை நேசித்தாள், பேசியது தீய சக்திதான் என்று ஏழாம் சீசனில் அவன் முடிவுக்கு வருகிறான். வில்லியம் தனக்குள் உயிரோடிருப்பதை அறிந்தவனே, தாய் விஷயத்தில் ஜைல்ஸின் பக்கம் சாய்கிறான். ஆகவே அந்த விதி யாருக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள்: கொல்ல வேண்டியவளுக்கு, கொன்றுவிட்டவனுக்கு.

ரத்தக்காட்டேரியாகிவிடும் ஹார்மனி, செத்த பிறகும் அதே பகட்டுப் பள்ளி மாணவிதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே எபிசோடில் வந்து போகும் ஹோல்டன் வெப்ஸ்டரை மட்டும் விடமாட்டேன். உளவியல் மாணவனாகச் செத்தவன், கல்லறையிலிருந்து எழுந்து பஃபியோடு சண்டையிடும்போதே அவள் மனக்குறைகளைப் பொறுமையாகக் கேட்டு அலசுகிறான். அவளும் மனம்விட்டுப் பேசிவிட்டு, அவனைக் கொல்கிறாள்.

வந்திருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஏஞ்சல், ஸ்பைக் இருவரையே சுற்றுகின்றன. ஹோல்டன் போன்ற ஓரிரவுப் பாத்திரங்களையும் விவாதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜைல்ஸின் விளக்கத்தை மேற்கோள் காட்டுவோர், அதை அவர் யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.